சுறாவின் நெற்றியில் ஒரு பள்ளம்

சங்கீதா நேற்று போன் செய்தாள். நான் உட்கார்ந்து வேலை பார்த்த நாற்காலியில் இப்போது உட்கார்ந்திருப்பவள் அவள்தான். படியேறி வந்தவள் போல மூச்சு வாங்கப் பேசினாள்.

“அக்கா, நம்ம பிரிண்டிங் ஷெட்டுல டேபிளையெல்லாம் ஓரங்கட்டிட்டாங்க. டிஜிட்டல் மெஷின் வந்து எறங்கிருச்சுங்க. ஸ்கிரீன் வேண்டாம், ஃபிலிம் வேண்டாம். கம்ப்யூட்டர்ல குடுத்தா அப்படியே அடிச்சுத் துப்புது. புதுசா சேந்த பொண்ணுங்ககிட்ட உங்க மயிலு, மண்டையன் கதையச் சொன்னா நம்ப மாட்டேங்கறாங்க. நீங்களே எழுதிக் குடுத்துருங்கக்கா.”

பணி அனுபவம் எழுதுவதெல்லாம் ஓய்வு பெற்றவர்கள் வேலையல்லவா, எனக்கு அப்படி என்ன வயதாகிவிட்டது என்று முதலில் தயங்கினேன். ஆனால் இரண்டாவது பிள்ளை பிறக்கப் போகிறது என்று நான் வேலையை விட்ட அன்று எனக்கும் சால்வை போர்த்தி, சுவர்க் கடிகாரம் கொடுத்துத்தான் அனுப்பினார்கள். அப்படியானால் நானும் ஓய்வு பெற்றவள்தான். சின்னவன் தூங்குகிறான். பெரியவள் இனியா பொம்மைகளோடு இருக்கிறாள். கேஸை மூடினேனா என்று ஒருமுறை, மூடியதைச் சரியாகப் பார்த்தேனா என்று இன்னொருமுறை போய்ப் பார்த்துவிட்டு வந்து உட்கார்ந்திருக்கிறேன்.

நான் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளிநாட்டில் பனியன் வாங்குகிற, நாங்கள் பையர் என்று சொல்கிற கம்பெனிக்கும், இங்கே அதை நெய்து, வெட்டி, அச்சடித்து, தைக்கிறவர்களுக்கும் நடுவில் நிற்கிற ஆள். அவர்கள் கேட்டது இதுதானா, இவர்கள் செய்தது அதுதானா என்று பார்த்துக்கொண்டே இருப்பது வேலை. ஃபேஷன் டிசைனிங் படித்துவிட்டு வந்தபோது நானே வரையப் போகிறேன் என்று நினைத்தேன். முதல் வருடங்கள் கலர் துண்டுகளைத் தூக்கிக்கொண்டு வேலம்பாளையத்துக்கும் அவிநாசிக்கும் வண்டியில் அலைந்ததில் போயின. நீலம் என்று ஒரு நிறம் கிடையாது, அதற்குள் ஒரு ஊரே குடியிருக்கிறது என்று கற்றுக்கொண்டேன். அவ்வளவுதான் என் பயிற்சிக் காலம்.

கோமதி மேடத்தைப் பற்றிச் சொல்லாமல் இந்தக் கதையைச் சொல்ல முடியாது. எங்கள் மெர்ச்சண்டைசிங் மேனேஜர். நூல் கத்தரிக்கும் சின்னக் கத்தரியை அடையாள அட்டைக் கயிற்றிலேயே கோத்துக் கழுத்தில் போட்டிருப்பார். ஒரு சாம்பிள் அவர் மேசைக்கு வந்தால் முகப்பை முதலில் பார்க்க மாட்டார். உள்பக்கம் புரட்டுவார். மோந்து பார்ப்பார். அச்சடித்த இடத்தில் இரண்டு கட்டைவிரலையும் வைத்து இழுத்து, வெடிக்கிறதா என்று பார்ப்பார். அப்புறம் பையர் ஏற்கெனவே சம்மதித்த சாம்பிளை எடுத்துப் பக்கத்தில் விரித்து வைத்துவிட்டு, எழுந்து கதவருகே போய்க் கைகட்டி நிற்பார். அங்கிருந்து இரண்டையும் பார்ப்பார்.

“தனியாப் பாத்தா எல்லாமே அழகாத்தானுங்க இருக்கும்” என்பார். “பக்கத்துல ஒன்ன வெச்சுப் பாருங்க.”

அவருக்குக் கோபம் வந்தால் குரல் உயராது. ‘ங்க’ கூடும். “பரவால்லீங்க” என்றால் பரவாயில்லை. “ரொம்ப நல்லாப் பண்ணீருக்கீங்களாக்குங்க” என்று வந்துவிட்டால் சாப்பாட்டை மறந்துவிட வேண்டியதுதான். அவரிடம் போய் “மேடம், இது சரியா?” என்று கேட்கவே முடியாது. “நீங்க சொல்லுங்க கண்ணு” என்று திருப்பி நம்மிடமே தந்துவிடுவார். எதையும் நான்கு தடவை யோசிக்கிற எனக்கு இதைவிடப் பெரிய தண்டனை கிடையாது.

இனியா பிறந்து, விடுப்பு முடிந்து நான் திரும்பிய சமயம் அது. என் பழைய பையர்களையெல்லாம் வேறு ஆட்களிடம் கொடுத்துவிட்டிருந்தார்கள். பிளானிங்கில் இருந்த ஒருவர் என் காதில் விழும்படியே, “கைக்கொழந்தக்காரங்ககிட்ட பெரிய ஆர்டரக் குடுத்தா, மூள பூராத் தொட்டில்ல இருக்கும். நமக்கெதுக்குங்க ரிஸ்க்கு?” என்றார். உண்மையிலேயே என் மூளை பாதி நேரம் தொட்டிலில்தான் இருந்தது. அதனால்தான் அது அவ்வளவு சுட்டது.

அப்போது வந்தது அந்தப் புது பையரின் ஆர்டர். சின்னக் குழந்தைகளுக்கான டி-ஷர்ட். ஒரு பாக்கெட்டில் இரண்டு. ஒன்றில் நம் நாட்டுக் கானமயில், இன்னொன்றில் கொம்பன் சுறா. இரண்டுமே உலகத்தில் மிச்சமில்லாமல் போய்விடக்கூடிய ஆபத்தில் இருப்பவை. கூடவே தொங்குகிற அட்டையில் இரண்டையும் ஒப்பிட்டுக் குழந்தைகளுக்குக் கேள்விகள். கோமதி மேடம் ஃபைலை என் மேசையில் வைத்தார்.

“முதல் ஆர்டருங்க. சுத்தமாப் போச்சுன்னா இந்த பையர் உங்களுது. போகலீன்னா மறுபடியும் கலர் துண்டு தூக்கலாம்.”

பயந்தேன். ஆனால் அந்த அட்டையின் வாசகத்தைச் சரிபார்க்க உட்கார்ந்ததும் பயம் எங்கே போனதென்றே தெரியவில்லை. எனக்குக் கானமயில் என்றால் வெறும் மயில் என்றுதான் நினைப்பு. அது மயிலே இல்லை. நெட்டைக் கழுத்தும் கறுப்புத் தொப்பியுமாக, ஆள் இடுப்பு உயரத்துக்கு நிற்கிற புல்வெளிப் பறவை. அவ்வளவு கனத்தோடு பறக்கவும் செய்கிறது. தரையில் பெரும்பாலும் ஒரே ஒரு முட்டைதான் இடுகிறது. கொம்பன் சுறா அதற்கு நேர்மாறு. முட்டை இடாமல் குட்டி போடுகிறது, அதுவும் ஒரு கூட்டமாக. ஆனால் தாயாகிற வயதை எட்டவே அதற்கு வருடக்கணக்காகிறது. அதற்குள் வலையில் மாட்டிவிடுகிறது.

என்னைத் துள்ள வைத்தது கண்கள்தான். கானமயிலுக்குக் கண் பக்கவாட்டில். தரையில் இரை தேடவும் ஆபத்தைப் பார்க்கவும் அது போதும். பறக்கும்போது நேர் எதிரே இருப்பது சரியாகத் தெரியாது. மின்கம்பியில் போய் மோதுகிறது. கொம்பன் சுறாவுக்கும் கண் பக்கவாட்டில்தான், சுத்தியல் போன்ற அந்தத் தலையின் இரண்டு முனையிலும். ஆனால் அதற்கு முன்னாலும் தெரியும், பின்னாலும் தெரியும். அப்படி இருந்தும் மாட்டிக்கொள்கிறது.

பொங்கலூரில் இருக்கும் என் அம்மா வீட்டுக்குப் போகும் வழியெல்லாம் காற்றாலையும் கம்பியும்தான். அன்று சாயங்காலம் பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்து ஒவ்வொரு கம்பியாகப் பார்த்துக்கொண்டு போனேன். மறுநாள் கோமதி மேடத்திடம் ஓடினேன்.

“மேடம், ஒன்னே ஒன்னு பெத்து வளத்தறவளுக்கும் ஆபத்து, கூட்டமாப் பெத்தவளுக்கும் ஆபத்துங்க. முன்னாடி பாக்காததும் சாகுது, எல்லாப் பக்கமும் பாக்கறதும் சாகுது. அப்பறம் எப்படித்தானுங்க பாக்கறது?”

அவர் கத்தரியால் ஒரு நூலை வெட்டிவிட்டு நிமிர்ந்தார். “அதுக கண்ணுல என்னுங்க தப்பு? கம்பிய யாரு கட்டுனது, வலைய யாரு போட்டதுன்னு கேளுங்க. போங்க, துணி வந்துருச்சான்னு பாருங்க.”

வீட்டில் இனியா கட்டிலிலிருந்து விழுந்தால்கூட ‘நான் பார்க்காமல் விட்டேனே’ என்று என்னையே திட்டிக்கொள்பவள் நான். அந்த ஒரு வாக்கியம் எனக்குள் எங்கோ ஒரு முடிச்சைத் தளர்த்தியது. அதன் பிறகு கட்டிலைத் திட்டக் கற்றுக்கொண்டேன். பாதி நாள்தான்.

பிரிண்டிங் ஷெட்டில் இரண்டு படங்களுக்கும் ஒரே நாளில் பெயர் வைத்துவிட்டார்கள். கானமயில் ‘மயிலு’. சுறா ‘மண்டையன்’. “மயிலு காஞ்சிருச்சா? மண்டையன எப்ப ஏத்தறது?” என்று கூப்பாடு போட்டுக்கொள்வார்கள். மயிலு எல்லோருக்கும் செல்லம். இறகின் ஒவ்வொரு வரியும் முடி போல மெல்லிசு, பல நிறம். கோடு அடைத்துக்கொள்ளுமோ, நிறம் கசியுமோ என்று முதலாளி முதல் டேபிள் துடைப்பவர் வரை மயிலைத்தான் பார்த்தார்கள். மண்டையன் ஒரே நிறம். கருநீலத் துணியில் சாம்பல் சுறா, மேலிருந்து பார்ப்பது போல. பஃப் மையில் அடிப்பது. பஃப் மை என்பது மாவில் சோடா போட்டது மாதிரி. அடிக்கும்போது தட்டையாக இருக்கும், சூட்டில் போய் வந்ததும் பொங்கி மெத்தென்று நிற்கும். அவ்வளவு சுலபமான படத்தை யார் கவனிப்பார்கள்? வெளி உலகத்திலும் அப்படித்தானோ என்று பின்னால் தோன்றியது. அழகான பறவைக்குப் பரிதாபப்பட ஆள் இருக்கிறது. சுறாவுக்கு யார் இருக்கிறார்கள்?

எங்கள் தொழிலில் ஒரு வழக்கம் உண்டு. பையர் ஒப்புதல் தருவது நடு சைஸ் ஒன்றுக்குத்தான். மற்ற சைஸ்களுக்கு அதே படத்தைப் பெரிதாக்கியோ சிறிதாக்கியோ ஃபிலிம் எடுப்போம். அந்த ஃபிலிமை வைத்துத்தான் மை இறங்குகிற சல்லடையான ஸ்கிரீனைச் செய்வது. ஐந்து வயதுக் குழந்தைக்கு அடித்த மயிலும் மண்டையனும் ஒப்புதலாகி வந்துவிட்டன. கோமதி மேடம் இழுத்துப் பார்த்து, மோந்து பார்த்து, கதவருகே நின்று பார்த்து, “பரவால்லீங்க” என்றும் சொல்லிவிட்டார். உற்பத்தி ஓடத் தொடங்கியது. பெரிய சைஸெல்லாம் முடிந்து கைக்குழந்தை சைஸ் ஏறிய நாளில் அச்சடித்த அட்டைகளும் வந்து சேர்ந்தன. சும்மா ஒன்றை எடுத்து, சூட்டிலிருந்து வந்த சின்ன மண்டையன் துண்டு ஒன்றின் மேல் வைத்தேன்.

அட்டையில் சுறா குழந்தையிடம் சொல்கிறது: “என் நெற்றியின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. விரலை வைத்துப் பார். பள்ளம் இல்லாத கொம்பன் சுறாவும் கடலில் உண்டு. அது வேறு இனம். நான் இல்லை.”

விரலை வைத்தேன். பள்ளம் இல்லை.

மறுபடியும் வைத்தேன். நெற்றி வழவழவென்று ஒரே வளைவாக இருந்தது. என் விரல் பெரிதோ என்று சுண்டுவிரலை வைத்தேன். அப்புறம் பேனா முனையை. இல்லை. எனக்கு எப்போதுமே எதுவோ தப்பாகத்தான் தெரியும், இதுவும் அப்படித்தானோ? துண்டை எடுத்துக்கொண்டு ஷெட்டுக்கு ஓடினேன்.

பிரிண்டிங் மாஸ்டர் சேவுகன் அண்ணன் சிவகங்கைப் பக்கத்துக்காரர். கையில் மையோடு நிமிர்ந்தார்.

“அண்ணா, மண்டையனுக்கு நெத்தியில பள்ளம் இல்லீங்க!”

“ஏத்தா, சாமிக்கு நாமம் இல்லங்கிற மாதிரி ஓடி வர்ற? இந்தா பாரு ஃபிலிமு. பள்ளம் இருக்கா?”

இருந்தது.

“இந்தா ஸ்கிரீனு. இருக்கா?”

இருந்தது. அப்போதுதான் அடித்து டேபிளில் ஈரமாகக் கிடந்த துண்டைக் காட்டினார். நூல் பிடித்தாற்போல அழகாக ஒரு பள்ளம்.

“போத்தா, போய் ஒரு டீயக் குடி. பிள்ள ராத்திரி தூங்க விடலையாக்கும்?”

டேபிளைச் சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். “சாரிங்கண்ணா” என்று சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். முகமெல்லாம் எரிந்தது. பிளானிங்காரர் சொன்னது சரிதான் என்றே நினைத்தேன். தொட்டில் மூளை.

ஷெட்டின் மறுகோடியில் சூட்டு மெஷின். கன்வேயர் ஒரு வாயில் ஈரத் துண்டுகளை வாங்கிக்கொண்டு, மறுவாயில் பொங்கிய சுறாக்களை வரிசையாக வெளியே தள்ளிக்கொண்டிருந்தது. கடந்து போகும்போது கை தன்னால் ஒன்றின் மேல் போனது. சூடாக, மெத்தென்று, வழவழவென்று. பள்ளம் இல்லை. ஆனால் அதற்குள் போகும்போது இருந்ததே!

எனக்குச் சட்டென்று புரிந்தது. புரிந்ததும் துப்பட்டா கன்வேயரில் மாட்டப் பார்த்ததுகூடத் தெரியாமல் திரும்ப ஓடினேன். டேபிளிலிருந்து ஓர் ஈரத் துண்டைப் பலகையோடு தூக்கிக்கொண்டு வந்து, சூட்டிலிருந்து வந்ததன் பக்கத்தில் வைத்தேன். ஒன்றில் இருந்தது, இன்னொன்றில் இல்லை. மை பொங்கும்போது எல்லாப் பக்கமும்தான் பொங்குகிறது. பெரிய சுறாவின் பள்ளம் அகலம், பொங்கினாலும் மிச்சம் நின்றது. சின்னச் சுறாவின் பள்ளத்தை இரண்டு பக்க மையும் வந்து மூடிவிட்டது. ஃபிலிமில் தப்பில்லை, ஸ்கிரீனில் தப்பில்லை, அடித்தவர் கையிலும் தப்பில்லை. எங்கள் சுறா சூட்டுக்குள் போய் வேறு இனமாக வெளியே வந்துகொண்டிருந்தது!

சேவுகன் அண்ணன் இரண்டையும் பார்த்தார்.

“சரித்தா, மூடிருக்கு. இப்ப என்ன பண்ணச் சொல்ற? ஒரு மொளகு அளவு பள்ளத்துக்கு டேபிள நிறுத்தவா? ஒன்றரை வயசுப் பிள்ள சுறாவோட நெத்தியவா பாக்கப் போகுது?”

“பாக்காதுங்கண்ணா. தொடும்.”

அவர் பதில் சொல்வதற்குள் கோமதி மேடம் வந்துவிட்டார். யார் போய்ச் சொன்னார்கள் என்று தெரியாது. இரண்டு துண்டையும் வாங்கிச் சூட்டு மெஷினின் மேசையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார். ஷெட் கதவு வரைக்கும் நடந்து போய்க் கைகட்டி நின்றார். மெஷின் ஓடிக்கொண்டே இருந்தது. பள்ளமில்லாத சுறாக்கள் விழுந்துகொண்டே இருந்தன. திரும்பி வந்தார்.

“மேடம், நிறுத்தலாமுங்களா?” என்றேன்.

“நீங்க சொல்லுங்க கண்ணு.”

அந்த நிமிடத்தை நான் மறக்கவே மாட்டேன். நிறுத்தினால் ஏற்றுமதி நாள் நெருக்கும், அடித்ததெல்லாம் வீண், துணி மறுபடி வெட்ட வேண்டும். பையர் ஒருவேளை கண்டுகொள்ளாமலே போகலாம். அப்போது நான் தொட்டில் மூளைக்காரி. நிறுத்தாமல் விட்டு, ஏதோ ஒரு வீட்டில் ஒரு குழந்தை அட்டை சொன்னபடி விரலை வைத்து, பள்ளம் கிடைக்காமல் அம்மாவைப் பார்த்தால்? அந்த அம்மாவை எனக்குத் தெரியும். நெய்த இடம், அடித்த இடம் எல்லாம் தேடிப் பிடித்துப் புகார் எழுதாமல் தூங்க மாட்டாள். நானாக இருந்தால் தூங்க மாட்டேன்.

“நிறுத்துங்கண்ணா” என்றேன். குரல் எனக்கே கேட்கவில்லை. “நிறுத்துங்க!” என்று கத்தினேன்.

மெஷின் நின்றது. கோமதி மேடம் சேவுகன் அண்ணன் பக்கம் திரும்பினார். “கேட்டுச்சுங்களா மாஸ்டர்? அவங்க ஆர்டருங்க.”

தீர்வு வந்தது, சண்டை போட்ட என் வாயிலிருந்தும் சேவுகன் அண்ணன் வாயிலிருந்தும் ஒரே சமயத்தில். சின்ன சைஸ் ஃபிலிமில் பள்ளத்தைத் தேவைக்கு மேல் அகலமாகத் திறந்து வைப்பது. ஈரத்தில் பார்த்தால் அசிங்கமாக, எலி கடித்தது போல இருக்கும். பொங்கிய பிறகு சரியாக வரும். முதல் தடவை அகலம் போதவில்லை. அடுத்தது அதிகமாகி, சுறாவின் தலை இரண்டு கொம்பாகப் பிரிந்து தெரிந்தது. “மண்டையன் கடசில மாடாயிட்டாரு” என்று யாரோ சொல்ல, நானும் சிரித்தேன். அதற்கடுத்தது சூட்டிலிருந்து விழுந்தபோது சேவுகன் அண்ணனே முதலில் விரலை வைத்தார். பிறகு என்னிடம் நீட்டினார். என் சுண்டுவிரல் நுனி அந்தப் பள்ளத்தில் போய் உட்கார்ந்தது. எனக்குக் கையைத் தட்ட வேண்டும் போல இருந்தது. தட்டினேன்.

புது மாதிரியை பையருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கினோம். மிச்சத் துணியில் மறுபடி வெட்டினோம். பையர் சார்பில் கடைசி ஆய்வுக்கு வந்தவர் அட்டைப்பெட்டிகளைத் தட்டித் தட்டி, நான் பயந்தபடியே சின்ன சைஸைத்தான் உருவினார். மயிலை மேலோட்டமாகப் பார்த்தார். மண்டையனை எடுத்தார். அட்டையைப் படித்தார். படித்துவிட்டு யாரும் பார்க்கவில்லை என்று நினைத்துக்கொண்டு விரலை வைத்துப் பார்த்தார். நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். பாஸ் போட்டுக் கொடுத்தார்.

கோமதி மேடம் அன்று என்னிடம் சொன்னது ஒரே வார்த்தை. “பரவால்லீங்க.” அந்த பையர் ஃபைலை நான் வேலையை விடும் நாள்வரை வேறு யாரும் தொடவில்லை.

சேவுகன் அண்ணன் மட்டும் கடைசிவரை விட்டுக்கொடுக்கவில்லை. சால்வை போர்த்திய அன்றும் சொன்னார்: “எல்லாம் சரித்தா. ஆனா ஆய்வுக்காரரு தொட்டாரு, நீ தொட்ட, நான் தொட்டேன். ஒரு பிள்ளகூடத் தொடப் போறதில்ல. எழுதி வச்சுக்க.” சொல்லிவிட்டு ஒரு பொட்டலத்தைக் கையில் திணித்தார். உள்ளே கைக்குழந்தை சைஸ் மயிலு ஒன்று, மண்டையன் ஒன்று, கூடவே அந்த அட்டை. மண்டையன், அன்று கழித்துப் போட்ட பள்ளமில்லாத துண்டில் தைத்தது. குறும்புக்கார மனுஷர்.

புதுப் பெண்களுக்கு ஒன்று மட்டும் சொல்கிறேன். டிஜிட்டல் மெஷின் நல்ல மெஷின். அதில் மை பொங்காது. ஆனால் ஒப்புதல் இன்னும் நடு சைஸுக்குத்தானே வருகிறது? நீங்கள் சின்ன சைஸிலிருந்து பாருங்கள். எல்லோரும் மயிலைப் பார்க்கும்போது மண்டையனைப் பாருங்கள்.

இத்தோடு முடித்திருப்பேன். இதை எழுதிக்கொண்டிருந்தபோது இனியா வந்தாள். அந்தச் சின்ன மண்டையன் சட்டையைத் தன் கரடி பொம்மைக்குப் போட்டிருந்தாள். அட்டையை நீட்டி, “இதுல என்னம்மா போட்டிருக்கு?” என்றாள். ஆங்கிலத்தில் இருந்ததைத் தமிழில் படித்துச் சொன்னேன். பறவை, முட்டை, கம்பி, கண். “என் நெற்றியின் நடுவில் ஒரு பள்ளம் இருக்கிறது. விரலை வைத்துப் பார்.”

இனியா கரடியைத் தரையில் படுக்க வைத்தாள். விரலை வைத்தாள். எடுத்துவிட்டு மறுபடி வைத்தாள். என் பிள்ளையல்லவா. அப்புறம் என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

“அம்மா, பள்ளத்தக் காணோம். இது அந்த மீனு இல்ல. வேற மீனு.”

சின்னவன் தூங்குவதைக்கூட மறந்து கத்திக்கொண்டே போனை எடுத்தேன். சேவுகன் அண்ணன்தான் இப்போது அந்த டிஜிட்டல் மெஷினுக்கும் மாஸ்டர். பின்னால் அதன் இரைச்சல் கேட்டது.

“அண்ணா! தொட்டுட்டாங்க!”

“யாரு, என்னத்தத் தொட்டா?”

சொன்னேன். போனைக் காதிலிருந்து எடுக்காமலே அவர் போட்ட சத்தம் என் காதைப் பிளந்தது.

“ஏ சங்கீதா! இப்ப ஓடிக்கிட்டிருக்க சின்ன சைஸ நிறுத்தச் சொல்லு! பெருசுல ஒன்னு, சிறுசுல ஒன்னு கொண்டாங்கப்பா. பக்கத்துல வச்சுப் பாப்போம்.”